துவக்குப் பெட்டியில் பணியாரம்

மழையா வெயிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை; துவக்கு வைக்க வாங்கிய அந்த இரும்புப் பெட்டியின் மேல் வெளிச்சம் விழுவது மட்டும் தெரிகிறது. முயல் வேட்டைக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டிருக்கும் தவராசா அண்ணை, மவுண்ட் ரோஸ்கில் புறநகரில் உள்ள தன் வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரிக்குப் பெட்டியைக் காட்டுகிறார். சட்டப்படி சாவி தன்னிடம் மட்டும்தான் என்கிறார். தேநீரோடு வந்த அவர் மனைவி சுகந்தினி அக்கா, இன்னொரு சாவியால் பெட்டியைத் திறந்து பயத்தம் பணியாரம் போட்ட தகரப் பேணியை எடுக்கிறார். "இதுக்கைதான் எறும்பு வராது," என்கிறார் பக்கத்தில் நிற்கும் என்னிடம். "ஊரில துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்த மனுசனுக்கு இப்ப துவக்கு வேணுமாம்." அண்ணை பேணியை வாங்கி அதிகாரியிடம் நீட்டுகிறார். அதிகாரி பணியாரம் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த முறை உரிமம் கிடைக்கவில்லை. வேறு பெட்டி வாங்கிய பிறகு கிடைத்தது. பழைய பெட்டி அக்காவுக்கே ஆனது. அண்ணைக்கு இன்னும் குறி தவறுகிறது. முயல்கள் சுகமாக இருக்கின்றன.