தத்துவமும் பிளாஸ்டிக் கப்பும்

“மச்சானை மன்னிக்கச் சொல்றதா இருந்தா, இப்பவே கிளம்புறேன் சார்,” என்றார் ஜெயபாலன், உட்காருவதற்கு முன்பே.

தம்போய் கடைத்தெருவில் சிக்கந்தரின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. வாசலில் ‘தத்துவ ஆலோசனை’ என்று பலகை. மகளின் தொல்லை தாங்காமல் வந்திருந்தார்.

“நான் ஒன்னும் சொல்லல. என்ன நடந்துச்சு?” என்றார் ஆலோசகர் கமலநாதன்.

“ஞாயிற்றுக்கிழமை உலு திராம்ல தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். வீட்டுக்கு வந்து தட்டு வச்சு அழைக்கணுமா இல்லையா? தங்கச்சி புருஷன் வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்புறான். குப்பை லோரி எப்ப வரும்னு கேக்குற குரூப்புலயும் அதே படம்.”

“தங்கச்சி என்ன சொல்லுது?”

“தினம் போன் பண்ணி அழுவுது. மாலை எடுத்துக் கொடுக்க வேற ஆள் இல்லையாம்.”

“உங்களை நோகடிச்சது அந்தப் படமா, அதைப் பத்தி நீங்க நினைச்சுக்கிட்டதா?”

“படம்தான். போனை மாத்தினேன், அதுவும் கூடவே வந்துடுச்சு.”

அரை மணி நேரம் இப்படியே போனது. ஜெயபாலன் அசையவில்லை.

“போதும் சார். கீழ போயி சூடா ஒரு தே குடிப்போம்,” என்று அவரே எழுந்தார்.

படிக்கட்டில் கமலநாதன் நின்றுவிட்டார்.

“அந்தக் கடை மட்டும் வேணாம். எல்லாருக்கும் கிளாஸ்ல கொடுத்துட்டு, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்புல தே கொடுத்தாரு சிக்கந்தர். ஏழு வருசமா நான் உள்ள கால் வைக்கல.”

ஜெயபாலனுக்கு முகம் மலர்ந்தது.

“என்ன சார் இது, சின்னப் பிள்ளையாட்டம்? எதுல கொடுத்தா என்ன, உள்ள இருந்தது தேதானே?”

“வேணும்னே செஞ்சாரு.”

“அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். அவசரத்துல கைக்குக் கிடைச்சதுல ஊத்தியிருப்பாரு. அதைப் போயி இத்தனை வருசமா...”

ஜெயபாலன் பாதியில் நிறுத்தினார். பிறகு போனை எடுத்தார்.

“புஷ்பவள்ளி, முகூர்த்தம் எத்தனை மணிக்கு? சரி, வரேன். அழுவாத. உனக்காகத்தான் வரேன், அந்தப் படத்தைப் பார்த்து வரலன்னு உன் புருஷன்கிட்ட சொல்லிடு.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு, கமலநாதனின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தார்.

“வாங்க சார், நான் இருக்கேன். இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறேன்.”

கல்லாவிலிருந்து சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தார்.

“மறுபடியுமா சார்? காலையில நீங்க குடிச்ச கிளாஸையே இன்னும் கழுவல லா.”