செத்த பேட்டரியின் சாட்சி

பட்டறையின் குழல்விளக்கு வெளிச்சம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் வழுக்கி விழுகிறது. காரின் சொந்தக்காரர் நெட்டை மெக்கானிக்கின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் பேட்டரிக்குப் பதில் வேறு பழசை மாற்றிவைத்துவிட்டு, வாரண்டி இல்லை என்று கையை விரிப்பார்கள் என்பது அவர் சந்தேகம். அதற்காகவே நேற்று தன் பேட்டரியின் பக்கவாட்டில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறார். பேட்டரி மேசைக்கு வருகிறது. கீறல் அப்படியே இருக்கிறது. அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. "மூணு மாசமா வண்டியத் தொடவே இல்லைங்க. பேட்டரிதான் சொத்தை." மெக்கானிக், காரின் பதிவுகளைப் படித்த சோதனைக் கருவியின் திரையை அவர் பக்கம் திருப்புகிறார். "எஞ்சின் ஓடல சார். ஆனா பேட்டரி சாகுற வரைக்கும் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் பாட்டு ஓடியிருக்கு. இதுக்கு வாரண்டி கிடையாது." மத்தியானம் சொந்தக்காரர் ஆபீசில் இருப்பார், சாவி வீட்டில் தொங்கும். குனிந்து காருக்குள் பார்க்கிறார். ஓட்டுநர் இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் நகர்ந்திருக்கிறது. அவருடைய முழங்காலோ மெக்கானிக்கின் முழங்காலோ அங்கே நுழையாது. அந்தக் கார் பக்கமே போனதில்லை என்று சொல்லும் மனைவி, சுவரோர நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். பிறகு அவரைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கேட்கிறாள்:

"புது பேட்டரி எப்பங்க வரும்?"