விடுங்க

பாலக்கரை ஸ்கேன் சென்டரில் அப்துல் சலாமால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. படம் கலங்கிவிட்டது.

"வீட்ல கொஞ்சம் பழகிட்டு வாங்க பாய்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் சகாயராணி.

சாயங்காலம் அசர் தொழுகை முடித்துக் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பழகினார். முதல் நாளே, இனி முடியாது என்று நெஞ்சு அடைத்தபோது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"விடுங்க."

அவர் மனைவி சாரா பீவி போன ரமலானில் மௌத்தாகி அடக்கமாகியிருந்தாள். கடையில் சண்டை, மருமகன் மேல் கோபம், எதைச் சொல்லிப் புலம்பினாலும் அவள் பதில் அந்த ஒரு சொல்தான்.

அவர் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. மறுநாளும் படுத்தார். மூச்சைப் பிடித்திருக்கும்வரை அடுப்படியில் வளையல் சத்தம் கேட்டது. அவள் சொல்லி, அவர் மூச்சை விட்டதும் அடங்கிவிட்டது. அதனால் நாளுக்கு நாள் நீளமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

அடுத்த ஸ்கேனில் படம் தெளிவாக வந்தது.

"விடுங்க பாய்," என்றாள் சகாயராணி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் அறையிலிருந்து. அவர் விடவில்லை. "பாய், மூச்ச விடுங்க!" அவர் உதடு கறுத்தது. அவள் மைக்கை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள்.

அவளுக்குப் பின்னால் ஸ்பீக்கர் மெதுவாகச் சொன்னது.

"போதுங்க. விட்டுடுங்க."

அவர் விட்டார். சகாயராணி திரும்பிப் பார்த்தாள். மைக் அறையில் யாரும் இல்லை.

அன்று அசருக்குப் பிறகும் படுத்தார். அடுப்படியில் சத்தமே இல்லை. கடைசியில் அவராகவேதான் மூச்சை விட வேண்டியிருந்தது.