இரண்டு திருகுகள்

அலீம் அவுட்போர்டு இன்ஜினை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். தரையைவிட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை.

பீச் ரோட்டுக் கடைக்காரச் சீனர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் தம்பிக்கு வயது முப்பத்து நான்கு. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். நுரையீரல் இரண்டும் போய்விட்டன. அடுத்த நோன்பைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அது தெரிந்தும் கடலுக்கு வருவதை அவன் விடவில்லை.

எங்கள் பிழைப்பு நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களில். புதுக்கப்பல் வந்ததும் சோப்பு, சிகரெட்டு, கைலி, வாழைப்பழம் என்று ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும். முதலில் போய்ச் சேரும் படகுக்குத்தான் வியாபாரம். நாங்கள் பாய்மரத்தில் பாயை விரித்துக் காற்றுக்காகக் காத்திருக்கும்போது மோட்டார் படகுகள் விற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும். இந்த அறுபத்தொன்றாம் வருஷத்திலும் காற்றை நம்பிக் கிடப்பவர்கள் நாங்கள்தான்.

காற்றில்லாத நாளில் துடுப்புப் போடவேண்டும். துடுப்புப் போட்டால் அவன் இருமுவான். இருமினால் ரத்தம்.

அதற்காகத்தான் இன்ஜின். படகின் லைசென்ஸ் என் பெயரில். இன்ஜினுக்கு அவன் பணம் போடுவதாக ஏற்பாடு.

இன்போர்டுதான் நல்லது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். படகுக்குள் உட்காரவைத்து, அடியில் துளைபோட்டு, போல்ட் வைத்து இறுக்கிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அலை தூக்கினாலும் விசிறி தண்ணீருக்குள்ளேயே இருக்கும்.

அலீம் கேட்ட அவுட்போர்டு படகின் பின்பலகையில் தொங்குவது. துறையில் விட்டுவந்தால் காலையில் இருக்காது. தினமும் சாயங்காலம் கழற்றி வீட்டுக்குச் சுமக்கவேண்டும். பஃபலோ ரோட்டு வீட்டு மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறுகிறவன் அதைச் சுமக்கப் போகிறானாம்!

எனக்குக் கோபம் வந்தது. சாகப்போகிறவனிடம் கோபப்படக் கூடாது என்று தெரியும். இருந்தும் வந்தது.

அவன் வாசலைப் பார்த்துக் கையசைத்தான். கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றிருந்த அவன் மனைவி ஆமினா பீவி உள்ளே வந்தாள். அவளை எதற்கு அழைத்து வந்தான் என்று பஸ்ஸிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் கடையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?

அவன் அவுட்போர்டைக் காட்டினான். அவள் குனிந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். இடுப்புவரை வந்துவிட்டது.

“என்னடா இது, பொம்பளையப் போயி தூக்கச் சொல்ற?”

“அவளாலதான் தூக்க முடியணும், நானா.” அண்ணனை நானா என்பதுதான் எங்கள் வழக்கம்.

சீனர் அதை வாங்கி ஒரு பலகையில் மாட்டினார். அலீம் அவள் கைகளைப் பிடித்து, பலகையைக் கவ்வியிருந்த இரண்டு திருகுகளின்மேல் வைத்தான். ஸ்பானர் வேண்டாம். ஆள் துணையும் வேண்டாம். அவள் திருகினாள். கழன்றுவிட்டது.

மறுபடி மாட்டச் சொன்னான். மறுபடி கழற்றச் சொன்னான். மூன்றாவது தடவை கழற்றும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என்னை அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

எங்கள் மூத்த அண்ணன் ஒலி முகம்மது இறப்பதற்கு முந்தின மாதம்தான் தன் சொந்தக் காசில் படகுக்குப் புதுப்பாய் வாங்கிக் கட்டியிருந்தார். அவர் மனைவி ரஷீதா நான்கு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டாமல் துக்கம் காத்து இத்தா இருந்தார். முடிந்த மறுநாளே துறைக்கு வந்தார். அந்தப் பாயையாவது கொடுத்தால் விற்றுக் கொஞ்ச நாள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவேன் என்று கேட்டார்.

படகில் கட்டியதெல்லாம் படகுக்காரனுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அலீம் அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.