மூத்தவர் எடுத்த பங்கு

ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். பாகப்பிரிவினையில் மண்டை உடையாமல் இருக்கப் பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்த வழி அது.

மூத்தவர் பிரித்தார். நிலம் சரிபாதி. பண்ணை வீடு ஒரு பங்கு, அதற்கு எதிரே இருந்த பழைய தானியக் கொட்டகை இன்னொரு பங்கு. பிரித்த கையோடு, "வீடு எனக்கு" என்று அவரே எடுத்தும் கொண்டார்.

தம்பி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். தம்பி மனைவிக்குத்தான் வயிறு எரிந்தது.

"உங்க அண்ணனும் அண்ணியும் இருக்கிறது ரெண்டே பேர். அவங்களுக்கு அத்தனை பெரிய வீடு. ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நமக்கு மூட்டை அடுக்கிற கொட்டகை. நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அண்ணன் யோசிக்காம எதையும் செய்ய மாட்டாருடி."

"நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். அதைத்தான் நானும் சொல்றேன்."

மூன்று நாள் அவள் மூத்தாரின் முகத்தில் விழிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது சாமானியமான காரியம் இல்லை. நாலாம் நாள் தச்சரை வரவழைத்தாள். கொட்டகையை இடித்து, தேறுகிற மரத்தை வைத்துச் சின்னதாக ஒரு வீடு கட்டி, மழைக்கு முன்னால் பிள்ளைகளோடு அதில் குடியேறிவிட வேண்டும்.

தச்சர் அவசரப்படுகிற ஆள் இல்லை. தூண் தூணாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் உளியை வைத்து அழுத்தினார். உளி இறங்குவேனா என்றது.

"இதை எதுக்கும்மா இடிக்கணும்?"

"பின்னே, மூட்டையோட மூட்டையா எங்களையும் படுத்துக்கச் சொல்றீங்களா அண்ணே?"

"வைரம் பாய்ஞ்ச மரம்மா. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் அசையாது. உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி, ரெண்டு மூணு ஜன்னல் வெச்சா போதும். வீடு தயார். மழைக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்."

அவளால் நம்ப முடியவில்லை. "இவ்வளவு நல்ல மரத்தைக் கொண்டுபோய்க் கொட்டகைக்கா போட்டாங்க?"

"உங்க மாமனார் கணக்கு அப்படி. மனுஷன் நனைஞ்சா துவட்டிக்கலாம், தானியம் நனைஞ்சா வருஷமே போச்சும்பார். நல்லது எல்லாம் இங்கே வந்துடுச்சு. மிச்சம் மீதியை வெச்சுத்தான் வீட்டைக் கட்டினார்."

அவள் எதிரே திரும்பிப் பார்த்தாள். வெள்ளையடித்த வீடு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"அப்போ வீடு?"

தச்சர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"கூரை மரம் பூராவும் கரையான்மா. வெளியே பளபளப்பு, உள்ளே வெறும் மாவு. இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்கினா பெரிசு."

எரிந்துகொண்டிருந்த வயிறு சில்லென்று குளிர்ந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? முந்திக்கொண்டு எடுத்தாரே மகராசன், நன்றாக அனுபவிக்கட்டும் என்று நினைத்தாள். சிரிப்புகூட வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அண்ணே, எங்க மூத்தார் காதுல இதைப் போட்டுடாதீங்க. தெரிஞ்சா, திரும்ப முதல்லேருந்து பிரிக்கணும்பார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்."

உளியைப் பைக்குள் வைக்கப்போன தச்சர் அப்படியே நின்றார். அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்தாச்சேன்னு பேசாம இருந்தேன்மா. நீங்க இப்படிச் சொன்னப்புறம் என்னால முடியலை. பாகம் பிரிக்கிறதுக்கு முந்தின வாரம், நீங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்போ, ரெண்டு கூரையையும் பாத்துச் சொல்லுன்னு என்னைக் கூட்டிட்டு வந்ததே உங்க மூத்தார்தான்."

"என்ன சொல்றீங்க?"

"'தம்பிக்குப் பிள்ளைகுட்டி இருக்கு, உறுதியான கூரை அவனுக்குத்தான் வேணும். உண்மையைச் சொன்னா வாங்கிக்க மாட்டான். சொல்லாம எடுக்க விட்டா வீட்டைத்தான் எடுப்பான். அதனால நானே முந்திக்கிறேன்'னார். தெரிஞ்சேதான் எடுத்தேன்னு உங்க யார் காதுலயும் போட்டுடக் கூடாதுன்னு அவரும்தான் கேட்டுக்கிட்டார்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து நடந்தவள், கொட்டகை வாசலில் நின்று தச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே அறை பிரிங்கண்ணே. மாட்டேன்னு சொன்னா, நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லைன்னு அவருக்கே தெரியும்."