ஈரம் காயலை

“பொணத்தைக் கொண்டுபோறதுக்குக்கூட வழி விட மாட்டீங்களா மேடம்?”

ராஜப்பன் கேட்டார். ஊரில் பெரிய மனுஷர். நாலைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார்.

சைட் இன்ஜினீயர் சில்வியா சுரங்கப்பாதை வாசலில் கட்டியிருந்த கயிற்றை விட்டு நகரவில்லை.

ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போகும் பாதை அது. மழை வந்தால் சுவரெல்லாம் ஊறி, உள்ளே குளம் கட்டிவிடும். கசிவை நிறுத்த, சுவரிலும் கூரையிலும் ரப்பர் மாதிரி ஒரு பூச்சை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள்.

“பூச்சு இன்னும் காயலைங்க. ஆள் நடந்தா தூசி ஏறி ஒட்டிக்கும். மறுபடி ஒழுகும்.”

“காலனியில செல்லின்னு ஒரு அம்மா தவறிடுச்சுங்க. சுடுகாடு அந்தப் பக்கம். பாவம், இல்லாத சனங்க. எம்மாந்தூரம் சுத்துவாங்க?”

“மாத்து வழி இருக்குதுங்களே. பஸ்ஸே உங்க பெரிய தெரு வழியாத்தான் போயி ரயில்வே கேட்டைத் தாண்டுது. அவங்களும் அப்படியே போகட்டும்.”

ராஜப்பன் கூட வந்தவர்களைப் பார்த்தார்.

“அது சரிப்படாதுங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“காயலைங்க” என்றாள் சில்வியா.

அவர்கள் போனதும் செல்லியின் மகன் அன்பு வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

“மேடம், கொஞ்சம் மனசு வைங்க. ஊர்த் தெருவுல எங்க பொணம் போனதே இல்லைங்க. எங்க அப்பாவை இதே பாதையில, இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம். எங்களுக்கு வம்பு வேண்டாங்க.”

சில்வியா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க அண்ணா. காயலை.”

“இவளுக்கும் ஒரு ஆத்தா இருப்பாளில்ல” என்று அவனோடு வந்த பெண் ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இனி உடம்பு தாங்காது. வேறு வழியில்லாமல் பாடையைத் தூக்கினார்கள்.

பெரிய தெரு முனையில் ராஜப்பன் தன் ஆட்களோடு நின்றிருந்தார்.

“நாம என்னப்பா பண்றது? அந்தப் பொம்பள தொறக்க மாட்டேங்குது” என்றார். அவர்களும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பாடை தூக்கியவர்களின் கால் அங்கே தயங்கியது.

அப்போதுதான் பின்னாலிருந்து சில்வியா வந்தாள். தலையில் ஹெல்மெட், மேலே பச்சை கோட்டு, கையில் வேலை இடத்துச் சிவப்புக் கொடி. யாரிடமும் எதுவும் கேட்காமல் பாடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“மாத்து வழியில வண்டி வருங்க. நான் முன்னால போறேன், என் பின்னாலயே வாங்க.”

நடந்தாள். அன்பு கொள்ளிச் சட்டியோடு பின்னால் வந்தான். தயங்கித் தயங்கி எழும்பிய பறை, பாதித் தெரு போனதும் முழுசாக முழங்கியது.

சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். காசியம்மாள் மட்டும் வாசலுக்கு வந்தாள்.

“எங்க காட்டுல களை எடுத்தவ. இந்தத் தெருவைப் பார்க்காமயே போயிட்டா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

யாரும் தடுக்கவில்லை. பாடை ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயிற்று.

சில்வியா திரும்பி வந்தபோது, ஸ்ப்ரே அடிக்கும் ரஞ்சித்குமார் சுரங்கப்பாதைச் சுவரில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் எதுவும் ஒட்டவில்லை.

“மேடம், நேத்தே நல்லாக் காஞ்சிருச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனே. மறந்துட்டீங்களா?”

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சில்வியா சொன்னாள்:

“மறக்கலை. யார் கேட்டாலும் காலையில காயலைன்னே சொல்லுங்க.”