அத்தி நிலைக்கால்

யூதர்களுக்கு நாடு பிறந்துவிட்டதென்று பேப்பரில் செய்தி வந்த வாரம், ராயபுரம் ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் அத்திமர உவமையை எடுத்துக்கொண்டார்.

"அத்திமரம்னா யூத ஜனம். அது துளிர் விட்டாச்சு. கர்த்தர் வாசலருகே வந்துட்டார்னு அர்த்தம். உலகம் முடியப்போகுது."

பெண்கள் முக்காட்டுக்குள் அழுதார்கள். லேயாள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"வாசலாண்ட வந்தவரு உள்ள எப்போ வருவாரு, அய்யா?"

"அது ஒருத்தருக்கும் தெரியாதும்மா."

லேயாள் வீட்டு நிலைக்கால் அத்திமரம். ரங்கூன் துறைமுக வேலைக்குத் தகரப் பெட்டியோடு கப்பலேறும் முன், மலிவாகக் கிடைத்ததென்று அவள் புருஷன் அந்திரேயா வாங்கிவந்து நிறுத்தியது. யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த அந்த மரம் போன வாரம் துளிர்த்திருந்தது. லேயாள் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்துவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பச்சையம்மா மீன்கூடையோடு வந்தாள். "கொஞ்சம் ஒத்திக்கோண்ணா" என்றபடி வாசலில் உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள்.

"வூட்டுக்காரராக்கா? தகரப் பொட்டியத் தூக்கிகினே நிக்கிறாரே, உள்ள கூப்புடக் கூடாதா?"

லேயாள் வாசலைப் பார்த்தாள். வெயிலும் இரண்டு பச்சை இலைகளும் இருந்தன.

"ஏழு வருஷமா கூப்புட்டுகினுதான் கீறேன்" என்றாள்.